கிணற்றடியில் போட்ட கணக்கு

பேத்தி பிறந்து பத்து நாள். குடும்பநல மாது வீட்டுக்கு வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்து, கார்ட்டில் எழுதிவிட்டு, போக எழும்பும்போது கேட்டார்: "பால்மா எந்தத் தண்ணியில கரைக்கிறீங்கள்?"

மகளுக்குப் பால் போதாமல், டாக்குத்தர் சொல்லித்தான் பால்மா தொடங்கியிருந்தோம். "எங்கட கிணத்துத் தண்ணிதான். நல்லாக் கொதிக்க வைச்சு, ஆறவிட்டுத்தான் குடுக்கிறம்" என்று மனைவி கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

மாது என் பக்கம் திரும்பினார். "சுத்திவரத் தோட்டம்தானே மாஸ்டர்? நைத்திரேற்றுக்குப் பரிசோதிச்சுப் பாத்தனீங்களே?"

பார்க்கவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். அதே முப்பது வருடமும் காலையும் மாலையும் தோட்டம் செய்தேன். கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர். அப்பர் குடித்தது, நான் குடித்தது.

போத்தல் போனது. ஒரு கிழமையில் முடிவு வந்தது. வீட்டுக் கிணற்றில் லீற்றருக்கு 62 மில்லிகிராம் நைத்திரேற்று, தோட்டக் கிணற்றில் 84. இந்தியப் பக்கத்தில் நைட்ரேட் என்பார்களே, அதுதான். குடிநீரில் 50க்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. அந்த எல்லை முக்கியமாகப் போத்தல்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்து வைத்தது. நைத்திரேற்று கூடினால் சின்னப் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து போக மாட்டாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். எங்கள் பிள்ளைக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஆனால் அன்று இரவு நான் இரண்டு தரம் எழும்பி அதன் நகத்தை ரோச் லைட் அடித்துப் பார்த்தேன்.

மனைவியின் பெருமைக்கு விழுந்த அடிதான் பெரிய அடி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. போகாதது மட்டுமல்ல, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடும். குளோரின் போட்டாலும் பலனில்லை, துணியில் வடித்தாலும் பலனில்லை. தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு இதை யாராவது முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

எங்கள் ஊர் கோப்பாய்க்கும் சுன்னாகத்துக்கும் இடைப்பட்ட வலிகாமத்துச் செம்மண். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறு என்று பெயருக்கு ஒன்று, மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தங்கும். மிச்ச ஒன்பது மாதமும் நாங்கள் இறைத்துக் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு விடுவதும் அந்தத் தண்ணீரைத்தான். குடிக்கக் குழாய்த்தண்ணீர், பயிருக்குக் குளத்துத்தண்ணீர் என்று பிரித்து வைக்கிற ஊர் இல்லை இது. என் தோட்டத்துக் கிணற்றில் இறைக்கும்போது பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு விரல் இறங்கும். அது எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் விட்ட தண்ணீர் கீழே இறங்கித் திரும்பக் கிணற்றுக்குத்தான் வருகிறது என்பதும் தெரிந்ததுதான். வரும்போது எதைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

அப்பர் காலத்தில் துலா. விடியப்புறம் நாலு மணிக்கு ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்தியில் நின்று தண்ணீர் மாறுவார். மனுசனின் கால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தண்ணீர்தான் பயிருக்குக் கிடைக்கும். அப்புறம் மண்ணெண்ணெய் மிஷின் வந்தது. 1970க்குப் பிறகு வெங்காயம், மிளகாய் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது எங்கள் ஊரில் பணம் புரண்டது. கல்வீடு எழும்பியது, மோட்டார்சைக்கிள் வந்தது, ஒரு வருடத்தில் மூன்று போகம் வைத்தார்கள். உரமூடையும் அதோடு சேர்ந்து வந்தது. அப்பரும் அடுக்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. என்னைப் படிப்பித்தது அந்த வெங்காயம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். பரிசோதனை முடிவு வந்த கிழமை ஒரு பரலைத் தோட்டத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன். 200 லீற்றர்ப் பரல். மிஷின் குழாயை அதற்குள் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது செக்கனில் நிரம்பியது. அப்படியென்றால் செக்கனுக்கு 5 லீற்றர், மணித்தியாலத்துக்கு 18,000 லீற்றர். நான் நாலு பரப்பு வெங்காயத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட மூன்று மணித்தியாலம் மிஷின் ஓட்டுவேன். 54,000 லீற்றர்.

ஒரு சதுரமீற்றரில் ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லீற்றர். இந்த ஒரு வரி தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் வகுத்தல்தான். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச், அதாவது 253 சதுரமீற்றர். நாலு பரப்பு 1,012. அப்போ நான் ஒவ்வொரு முறையும் விட்டது 53 மில்லிமீற்றர். நல்ல மாரி மழை ஒரு நாள் முழுக்கக் கொட்டினால்தான் அவ்வளவு வரும். நான் அதை மூன்று நாளைக்கு ஒருமுறை கொட்டியிருக்கிறேன்.

அடுத்தநாள் காலமை மண்வெட்டியால் பாத்தி நடுவில் ஒரு குழி வெட்டினேன். இரண்டு அடிக்குக் கீழேயும் மண் பிடித்தால் உருண்டையாக நின்றது. வெங்காயத்தின் வேர் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். அதற்குக் கீழே போன தண்ணீர் பயிருக்கு இல்லை. அது, மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிற யூரியாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போகிற தண்ணீர். பரலும் மண்வெட்டியும் எல்லாத் தோட்டக்காரரிடமும் இருக்கிறது. காசு செலவில்லாத பரிசோதனை இது. யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை.

இன்னொரு கணக்கைப் போட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. தோட்டக் கிணற்றில் லீற்றருக்கு 84 மில்லிகிராம் நைத்திரேற்று. 54,000 லீற்றரில் நாலரைக் கிலோ. அதற்குள் இருக்கிற நைதரசன் ஒரு கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன் என்பதால், அது இரண்டு கிலோ யூரியாவுக்கு மேல். ஒரு வெங்காயப் போகத்துக்கு இருபது தரம் தண்ணீர் விட்டால் நாற்பது கிலோவைத் தாண்டும். கடையில் காசு குடுத்து வாங்கி, போட்டு, கழுவிக் கிணற்றுக்குள் அனுப்பி, மண்ணெண்ணெய் எரித்துத் திரும்ப மேலே இறைத்து, அதற்கு மேலே இன்னொரு மூடையை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்! நான் நாலு பரப்புக்குப் போட்டது ஒன்றரை மூடை. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டபோது அவர் சொன்ன அளவு அதில் பாதிகூட இல்லை.

இதை எல்லாம் அறிந்தவுடன் திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். முதல் போகத்தில் கோபத்தில் மிஷினை ஒரு மணித்தியாலத்தில் நிறுத்தினேன். கடைசி இரண்டு வரிசைப் பாத்திக்குத் தண்ணீர் எட்டவேயில்லை, இலை நுனி கருகியது. மண் வாய்க்காலே பாதியைக் குடித்துவிடுகிறது, பாத்தி மேடும் பள்ளமுமாய் இருக்கிறது, இதைச் சரிக்கட்டாமல் நேரத்தை மட்டும் குறைத்தால் பயிர்தான் சாகும். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து உரித்தாள்.

அடுத்த முறை வாய்க்காலை விட்டுவிட்டு, தட்டையாகச் சுருட்டுகிற ஓஸ் பைப் வாங்கினேன். பாத்திகளைச் சின்னதாக்கி, பலகை பிடித்து மட்டம் பார்த்தேன். ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாப் பாத்தியும் நனைந்தது. 27 மில்லிமீற்றர். குழி வெட்டிப் பார்த்தால் ஒரு அடியில் ஈரம் நின்றது. மாட்டெருவும் பூவரசங்குழையும் கூட்டித் தாழ்த்தினேன், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். பயிருக்கு நாலு நாள்வரை பொறுக்க முடிந்தது.

உரத்தைக் குறைக்கத்தான் தைரியம் வரவில்லை. அதை எனக்காக அரசாங்கம் செய்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். நவம்பரில் கைவிட்டார்கள், அதற்கிடையில் நாடு படாத பாடுபட்டது. அந்த முடிவை நான் ஒருக்காலும் நியாயப்படுத்த மாட்டேன். நெல் விதைத்தவர்கள் அழுததைக் கண்ணால் கண்டவன். எங்கள் சந்ததிக்கு அது புதிதும் இல்லை. 1990க்குப் பிறகு போரின் தடையில் யூரியாவும் மண்ணெண்ணெயும் குடாநாட்டுக்கு வராத காலத்தில் தோட்டம் செய்தவர்கள் நாங்கள். ஆனால் என் நாலு பரப்பில் மட்டும் ஒன்று நடந்தது. வீட்டில் அரை மூடைதான் மிச்சம் இருந்தது. அதை நாலு தரமாகப் பிரித்து, தண்ணீர் விட்ட பிறகு ஈரத்தில் போட்டு, மேலால் கொஞ்சமாய்த் தண்ணீர் தெளித்து விட்டேன். வெங்காயம் கொஞ்சம் சின்னதாய் வந்தது. விளைச்சல் பயந்த அளவுக்குக் குறையவில்லை. பிடி கட்டித் தொங்கவிட்ட வெங்காயத்தில் அழுகல் எப்போதையும்விடக் குறைவு. யூரியா கூடினால் வெங்காயம் தண்ணீர் கோர்த்து, வைக்க மாட்டாது என்று கிழவர்கள் சொல்வது உண்மைதான். அடுத்த வருடம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது, ஒன்றரை மணித்தியாலத்தில் இறைப்பை முடிக்கிறவன் என்பதால் நான் மற்றவர்களைவிடச் சமாளித்தேன்.

தம்பியின் புல்லுக்கு இப்போது வருகிறேன். அது இல்லாமல் இந்தக் கதை முழுமையில்லை.

தம்பி கனடாவில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து, எங்கள் சீதனக் காணிக்குப் பக்கத்தில் வீடு கட்டினான். வீட்டுக்கு முன்னால் இரண்டு பரப்புக்குப் புல் பதித்தான். லொறியில் பாய்போலச் சுருட்டிக்கொண்டு வந்த புல். ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்தவனுக்கு ஸ்பிரிங்ளர் சுற்றுவதைப் பார்த்தால்தான் வீடு வீடாகத் தெரியும்போல.

"அண்ணை, நீ வெங்காயத்துக்கு விடுறாய், நான் புல்லுக்கு விடுறன். என்ன வித்தியாசம்?" என்று ஒருநாள் கேட்டான்.

நியாயமான கேள்வி. வெங்காயத்தைச் சாப்பிடலாம் என்பதைத் தவிர எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் பரல் கணக்கை அங்கேயும் போட்டேன். அவன் 1,000 லீற்றர்த் தாங்கியை ஒரு நாளில் ஐந்து தரம் வெறுமையாக்கினான். புல் 506 சதுரமீற்றர். ஒரு நாளைக்கு 10 மில்லிமீற்றர். சித்திரை வெயில் எரிக்கிற நாளிலும் புல்லுக்கு ஐந்தாறு மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேர் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் குடிக்க, குளிக்க, கழுவ எல்லாமாக 700 லீற்றர் போகும். ஏழு வீட்டுத் தண்ணீரை ஒரு முற்றம் குடித்தது. நான் போகம் முடிந்தால் நிலத்தை ஆறப்போடுவேன். புல்லுக்குப் போகம் முடிவதே இல்லை, 365 நாளும் தாகம். பச்சை மங்கினால் அவனும் யூரியா தூவினான், அளவு பார்க்காமல், கையால் கோழிக்குத் தீன் எறிகிற மாதிரி.

கிணறு தோண்ட இடமில்லை என்று அவன் குழாய்க்கிணறு அடித்திருந்தான். ஆழம் கூடக்கூடத் தண்ணீர் கூடும் என்று அடித்தவர் சொல்லியிருக்கிறார். வன்னியில் அது சரியாக இருக்கலாம். குடாநாட்டில் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூட. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடிக்கு நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடிக்கு அது கடலை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். எங்கள் பக்கத்தில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. தம்பியின் குழாய் அந்த உப்புக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்தாயிரம் லீற்றர் உறிஞ்சியது.

இரண்டாம் வருடம் ஆவணியில் புல் நுனி மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று கூட்டி விட்டான். இன்னும் மஞ்சளானது. அவன் கனடாவில் இருந்து கொண்டுவந்த பேனை மாதிரியான ஒரு மீற்றரைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தோம். முதல் வருடம் 700 காட்டிய தண்ணீர் இப்போது 2,300 காட்டியது. லீற்றருக்கு 2.3 கிராம் கரைந்த உப்பு. ஒரு நாள் இறைப்பில் பதினொரு கிலோவுக்கு மேல்.

"அப்ப நான் ஒவ்வொரு நாளும் பத்துக் கிலோ உப்பை எடுத்து முத்தத்தில கொட்டுறனே?" என்றான்.

"ஓம். அதுவும் காசு குடுத்து."

என் வீட்டுக் கிணறும் 600இலிருந்து 900க்கு வந்திருந்தது. அவனைப் பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவன் வருவதற்கு முன்னாலே அந்தத் தண்ணீரில் நைத்திரேற்றைச் சேர்த்தவன் நான்.

அந்தப் பேனை மீற்றரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் இப்போது நிறையப்பேர் அதை வைத்திருக்கிறார்கள், 500க்குக் கீழே காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று நம்புகிறார்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும். நைத்திரேற்றைத் தனியாகக் காட்டாது, கிருமியைக் காட்டவே காட்டாது. ஆய்வுகூடத்துக்குப் போத்தல் கொண்டுபோவதற்கு அது மாற்று இல்லை. போத்தலையும் ஒருமுறை கொண்டுபோனால் போதாது. மாரி வந்தால் மழைத்தண்ணீர் கலந்து நைத்திரேற்று குறையும் என்று நினைத்திருந்தேன். என் கிணற்றில் தையில் எடுத்தது ஆவணியில் எடுத்ததைவிடக் கூடவாக இருந்தது. முதல் மழை மண்ணில் கிடந்ததை எல்லாம் கழுவிக்கொண்டு இறங்கியிருக்கிறது. உப்புக்கு நேர்மாறு, அது கோடை முடிவில்தான் உச்சம். ஆவணியிலும் தையிலும் இரண்டு தரம் பார்ப்பது இப்போது என் வழக்கம். புரட்டாசி பிறந்த பிறகு யூரியா மூடையைத் தொடுவதில்லை.

தோட்டத்தை மட்டும் குற்றவாளியாக்கவும் கூடாது. எங்கள் மலக்குழி கிணற்றிலிருந்து நாற்பதடி, அடியில் வெறும் கல். சுண்ணாம்புக்கல் வெடிப்புக்கு நாற்பதடி ஒரு தூரமா? அதை மூடிவிட்டு, அடி கட்டிய தொட்டியாகத் தூரத்தில் கட்டினோம். வெங்காயத்தில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதில் போனது.

தம்பி குழாய்க்கிணற்றை மூடிவிட்டான். புல்லில் பாதியைக் கிளப்பிப்போட்டு எலுமிச்சை, முருங்கை, இரண்டு தோடை வைத்தான். மற்றப் பாதியில் ஊர் அறுகு தானாகவே ஏறிவிட்டது. கோடையில் காய்ந்து கிடக்கும், ஐப்பசி மழைக்குத் துளிர்க்கும். அவனுடைய மனைவிக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. கூரைத் தண்ணீரை முன்பு றோட்டுக்கு விட்டவன், இப்போது காணி மூலையில் குழி வெட்டி, மணலும் கல்லும் போட்டு அதற்குள் விடுகிறான். நேரே கிணற்றுக்குள் விடப் போனான், மறித்துவிட்டேன். ஓட்டில் கிடக்கிற காக்கை எச்சமும் சேர்ந்தல்லவா கிணற்றுக்குள் போகும்.

பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குக் கடையில் ஆர்ஓ தண்ணீர் வாங்கினோம். அது நைத்திரேற்றை எடுக்கும், உண்மை. ஆனால் வடிகட்டி ஒதுக்கிய செறிவான கழிவு எங்கே போகிறது என்று கடைக்காரரிடம் கேட்டேன். பின்னால் வாழைக்கு விடுகிறோம் என்றார். அந்த வாழைக்குப் பக்கத்தில்தான் அவருடைய கிணறு.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருகிற திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபோது இங்கே பலர் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் குளத்தை நம்பி விதைக்கிறவர்கள். நாங்கள் எங்கள் கிணற்றைக் கெடுத்துவிட்டு அவர்களிடம் கையேந்தினோம். பிறகு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலை 2024இல் திறந்தார்கள். கடலிலிருந்து உப்பை எடுக்க அங்கே மின்சாரம் எரிகிறது. இங்கே மின்சாரம் எரித்துக் கடலை நிலத்துக்குக் கீழே இழுக்கிறோம்.

போன தையில் எடுத்த முடிவு: தோட்டக் கிணறு 71, வீட்டுக் கிணறு 55. ஐந்து வருடத்தில் அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. சுற்றிவர இருபது கிணறுகள், ஒரே தண்ணீர், நான் ஒருவன் குறைத்தால் அவ்வளவுதான் இறங்கும். மகளுக்கு இரண்டாவது பிள்ளை ஆனியில் என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்குத் தண்ணீர் வெளியிலிருந்துதான், அதில் மாற்றமில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேற்குப் பக்கத்துத் தோட்டத்தில் மிஷின் ஓடுகிறது. ஆறு மணிக்குத் தொடங்கியது, இப்போது எட்டே முக்கால். தண்ணீர் மாறுகிற பெடியனுக்கு என்னிடம் படித்தவன் என்ற மரியாதை இன்னும் இருக்கிறது. நாளைக்குக் காலமை பரலை உருட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன்.